இறகில் பிறக்கும் ஈ

அயர்லாந்திலே தொழில் பார்க்கும் நண்பர் ஒருவர் விடுமுறையில் தாயகம் வந்திருந்தபோது, வத்தளையிலுள்ள நம் இல்லத்திற்கும் ஒரு மாலைப்பொழுதில் வந்திருந்தார். தேநீர் அருந்தி முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து சிறு தகரப்பெட்டி ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். பொடிப்பெட்டியோ என நாம் ஐயுற்றோம். திறந்து பார்த்தால், உள்ளே வரிசை வரிசையாக ஈக்கள்! கறுப்பு ஈ, பச்சை ஈ, பொன்னிற ஈ, உடல் நடுவே செந்நிறப் பட்டை கொண்ட ஈ என ஏறத்தாழ முப்பது இருக்கும். அடுத்த வீட்டுச் சிறுவன் எட்டிப் பார்த்து, “மாமா, இவை செத்த ஈக்களா, உயிருள்ள ஈக்களா?” என்று கேட்டான்.

“இரண்டுமல்ல தம்பி. இவை கட்டிய ஈக்கள்” என்றார் நண்பர்.

உற்றுப் பார்த்தபோதுதான் ஒவ்வோர் ஈயின் வயிற்றுக்குள்ளும் ஒரு தூண்டில் முள் மறைந்திருப்பதைக் கண்டோம். உடல் என்று நாம் எண்ணியது விலங்கின் மயிர். கால்கள் என்று எண்ணியவை கோழியிறகின் இழைகள். வயிற்று வரிகளோ நம் கூறைச் சேலைகளில் மின்னுவது போன்ற வெள்ளிச் சரிகை. கால்வே என்னும் நகரத்தை அடுத்த ஏரியிலே இவற்றைக் கொண்டுதான் தாம் மீன் பிடிப்பதாக நண்பர் சொன்னார். சிறுவனுக்குக் கால்வே என்பது கால்வாய் என்றே கேட்டது. “ஹமில்ட்டன் கால்வாயிலா?” என்றான்.

அவன் மேல் பிழையில்லை. வத்தளைச் சிறுவருக்குத் தூண்டிற் கலையின் முதற் பள்ளிக்கூடம் அக்கால்வாயே. 1802ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கி, 1804இல் முடித்த அந்நீர்வழி, களனி கங்கையின் முகத்துவாரத்தை அண்டித் தொடங்கி நீர்கொழும்பை நோக்கிச் செல்கின்றது. அதன் கரையில் மூங்கிற்கழியும் தங்கூசியும் ஒரு சிரட்டை மண்புழுவும் கொண்டு அமர்ந்திருப்போருக்கு இறகு எதற்கு, சரிகை எதற்கு? புழுவைக் கண்ட மீன் வாயைத் திறக்கின்றது. அவ்வளவே கதை. உண்ணக்கூடிய ஒன்றைக் கொடுத்துப் பிடிப்பதே நாம் அறிந்த தூண்டில். உண்ணவியலாத ஒன்றை உணவென நம்பச் செய்து பிடிப்பது, நண்பரின் பெட்டியிலிருந்த கலை.

அக்கலை மிகப் பழையது. கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் எழுத்தாளர், மக்கெதோனியா நாட்டில் ஓர் ஆற்றங்கரை மக்கள் இவ்வாறு மீன் பிடித்ததை எழுதிவைத்துள்ளார். அவ்வாற்றின் புள்ளி மீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயை விரும்பி உண்டன. உண்மை ஈயைப் பிடித்து முள்ளிற் கோத்தால், கைபட்டவுடன் அதன் நிறமும் சிறகும் கெட்டுவிடும். ஆகவே அம்மக்கள் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்தடியில் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினராம். பதினெட்டு நூற்றாண்டு கழிந்தும் செய்முறையின் சாரம் மாறவில்லை. இங்கிலாந்திலே 1496இல் அச்சேறிய தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு வகை ஈக்களைக் கட்டும் முறையைச் சொல்கின்றது. அதன் ஆசிரியர் ஒரு கன்னியர்மடத் தலைவி என்பது நெடுநாள் வழக்கு.

அயர்லாந்தின் ஏரிகளிலே இக்கலை ஒரு தனி வடிவம் கொண்டது. நண்பர் மீன் பிடிக்கும் கொரிப் ஏரி ஏறத்தாழ 176 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. நம் நீர்கொழும்பு வாவியைப் போல ஐந்து மடங்கு எனலாம். சுண்ணக்கல் நிலத்தின்மேல் கிடக்கும் தெளிந்த நீர். அதில் வாழும் பழுப்பு ட்ரவுட் என்னும் மீன் எவராலும் கொண்டுவந்து விடப்பட்டதன்று. பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் உருகிய காலத்தில் கடல்வழியாக ஏறிவந்து அங்கேயே தங்கிவிட்ட பழங்குடி. மெல்வின் என்னும் வேறோர் ஏரியில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று ட்ரவுட் வகைகள் கலவாமல் வாழ்கின்றன. ஒன்று அடித்தளத்து நத்தைகளை உண்பது. ஒன்று நடுநீரில் நுண்ணுயிர்களை உண்பது. மூன்றாவது பிற மீன்களையே உண்டு பருப்பது. ஒரே ஏரியில் மூன்று சமையலறைகள்!

அந்த ஏரிகளில் மீன் பிடிப்போர் கரையில் அமர்வதில்லை. பதினெட்டு அல்லது பத்தொன்பது அடி நீளமுள்ள மரப்படகிலே ஏறி, காற்று வரும் திசைக்குச் சென்று, படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி மிதக்கவிடுகின்றனர். படகு மெல்ல நகர, அதற்கு முன்னே சிறிது தூரத்தில் தங்கூசியை வீசுகின்றனர். தங்கூசியில் ஒன்றல்ல, மூன்று ஈக்கள் இடைவெளி விட்டுத் தொங்கும். நீர்மேல் மிதக்கவிடும் ஈயை உலர் ஈ என்றும், நீருள் அமிழ்த்தி இழுப்பதை ஈர ஈ என்றும் சொல்வர். இம்மூன்றும் ஈர ஈக்கள். நுனியில் உள்ளது ஆழத்தில் வரும்; நடுவிலுள்ளது அதற்கு மேலே வரும்; கோலுக்கு அண்மையிலுள்ள மூன்றாவதன் பணியே விசித்திரமானது. கோலை மெல்ல உயர்த்தும்போது அது நீர்மட்டத்திற்கு வந்து, அலையின் தோலைக் கிழித்துக்கொண்டு துள்ளித் தடுமாறும். பறக்க முயன்று இயலாமல் தவிக்கும் பூச்சி அவ்வாறே செய்யும். அந்தத் தவிப்பைக் கண்டு மேலேறும் மீன் ஒருவேளை அதையே கவ்வும். ஒருவேளை அஞ்சித் திரும்பும்போது கீழே வரும் மற்றோர் ஈயைக் கவ்வும்.

ஏரி கண்ணாடிபோல் அமைதியாக இருந்தால் இக்கலை பலிக்காது. முகில் மூடிய வானமும், நீரைச் சுருக்கம் விழச் செய்யும் காற்றும் வேண்டும். நல்ல வெயிலடித்தால் அயர்லாந்துப் படகோட்டி முகம் வாடி அமர்ந்திருப்பான் என நண்பர் சொன்னபோது, மழை வேண்டிப் பொங்கலிடும் நம் உழவரின் நினைவு வந்தது.

ஈயைக் கட்டுவதெப்படி? நாம் கேட்டதும் நண்பருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மறுமுறை வந்தபோது தம் கருவிகளையும் எடுத்துவந்து, நம் சாப்பாட்டு மேசையின் விளிம்பிலே சிறு இடுக்கி ஒன்றைப் பொருத்தினார். தூண்டில் முள்ளை அதன் வாயிற் செருகினார். பிபியோ என்னும் ஈயைக் கட்டிக் காட்டுவதாகச் சொன்னார். அதே பெயருடைய கரிய பூச்சி ஒன்று மலைச்சாரற் புதர்களில் வாழ்வது; கால்கள் செந்நிறம். காற்றடிக்கும் நாட்களில் அது ஏரியில் வந்து விழும். பறவைக்கும் மீனுக்கும் அன்று விருந்து.

முதலில் மெழுகு பூசிய கறுப்பு நூலை முள்ளின் தண்டிலே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே பின்முனை வரை சென்றார். அங்கே வெள்ளிச் சரிகை ஒரு துண்டை வைத்துக் கட்டினார். பின்னர் கருமயிர் ஒரு சிட்டிகை எடுத்து, நூலின்மேல் வைத்து, விரல்களுக்கிடையே உருட்டினார். நம் பாட்டிமார் விளக்குத்திரி திரிப்பது போன்ற அதே அசைவு. மயிர் நூலோடு ஒட்டித் திரியாயிற்று. அதைச் சுற்றி உடலின் பின்பகுதி அமைத்தார். நடுவில் செம்மயிர்; முன்னால் மீண்டும் கருமயிர். முற்காலத்தில் இதற்குக் கடல்நாயின் மயிரையே கொள்வராம். ஒவ்வோர் இழையும் ஒளியை வாங்கி மின்னும் என்பதே காரணம். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருள்களின் வணிகத்தைத் தடைசெய்தது. ஈ கட்டுவோருட் பலர் இப்போது அதற்கு ஈடான செயற்கை இழைகளைக் கொள்கின்றனர்.

அடுத்து வந்தது சேவலின் கழுத்திறகு. அதன் அடிமுனையை ஈயின் தலைப்புறத்தில் கட்டி, இடைவெளி விட்டுப் பின்னோக்கிச் சுற்றிச் சென்றபோது, இழைகள் அனைத்தும் கால்களாகச் சிலிர்த்து நின்றன. பின்னே காத்திருந்த சரிகையை எதிர்த்திசையில் முன்னோக்கிச் சுற்றி, இறகின் தண்டை ஆங்காங்கே அழுத்திப் பிணைத்தார். மீனின் பல் பட்டாலும் இறகு அவிழாமல் காப்பது இந்தச் சரிகைதான். தலையில் முடிச்சிட்டு, வார்னிஷ் ஒரு துளி வைத்தார். பத்து நிமிடமும் ஆகவில்லை. இறந்த கோழியின் இறகு ஓர் உயிராய் அமர்ந்திருந்தது.

அதை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் நூலோடு இறக்கிக் காட்டியதே நமக்கு மெய்யான பாடமாயிற்று. உலர்ந்திருக்கையில் அது பூச்சிபோல் இருந்தது. நனைந்தவுடன் பூச்சிபோல் நடந்துகொண்டது. நூலைச் சற்று இழுத்தால் இழைகள் உடலோடு ஒடுங்கின. விட்டால் மீண்டும் விரிந்தன. மூச்சு விடுவது போன்றே இருந்தது. இழைகளுக்கிடையே அகப்பட்ட காற்றுக் குமிழ்கள் வெள்ளியாய் ஒளிர்ந்தன. நீரடியிலிருந்து மேலேறிப் பறக்கவிருக்கும் பூச்சியின் தோலைச் சுற்றியும் இவ்வாறே காற்று ஒளிருமாம். உருவத்தை ஒத்திருப்பதைவிட அசைவை ஒத்திருப்பதே ஈர ஈயின் இரகசியம் என்றார் நண்பர்.

அயர்லாந்தின் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கிங்ஸ்மில் மூர் என்பவர் இவ்விரகசியத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். பகலில் வழக்கு, விடுமுறையில் ஏரி. ஒளி ஈயின் ஊடே எவ்வாறு புகுந்து வருகிறது, கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அது எவ்வாறு தோன்றும் என எண்ணியெண்ணி, இருவேறு நிற இறகுகளை ஒன்றாகச் சுற்றும் புதுவகை ஈக்களை அமைத்தார். 1960இல் அவர் எழுதிய தூண்டில் நூல் அந்நாட்டில் இன்றும் பயிலப்படுகின்றது. சாட்சியின் சொல்லை நம்பாமல் சான்றைத் தேடும் நீதிபதிக்கு மீனின் கண்ணே சான்றாயிற்று போலும்.

பெட்டியிலிருந்த கரிய ஈ ஒன்றின் கன்னங்களில் மட்டும் வேறோர் இறகுத் துண்டு இருந்தது. விரல் நகத்திற் பாதியளவு. கருநிறத்தின்மேல் மஞ்சள் அரக்கைத் துளித்து வைத்தாற்போன்ற பளபளப்பு. தொட்டுப் பார்த்தால் இறகின் மென்மையே இல்லை. இதன் ஊர் எது என்று வினவினோம். “உங்கள் பக்கந்தான்” என்று நகைத்தார் நண்பர். நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் சாம்பற் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு அது! பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பகட்டான மீன் ஈக்களைக் கட்டும் மோகம் பெருகியபோது, தமிழ்நாட்டு மலைகளிலும் பிற தென்னிந்தியக் காடுகளிலும் கண்ணிகளில் அகப்பட்ட காட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. இறகின் மேலுள்ள அம்மஞ்சட் புள்ளி நீரினுள் சிறு மீனின் கண்போல் தோன்றும் என்பது அவர்கள் நம்பிக்கை. வியாபாரம் பறவையையே விழுங்கத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடுத்தது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைக்கே காவலாயிற்று. இன்று மேல்நாட்டு ஈ வினைஞருக்குக் கிடைக்கும் இறகு, அங்கேயே பண்ணைகளில் வளர்க்கப்படும் சேவல்களினுடையது.

இறகு மேற்கே சென்றது. மீன் கிழக்கே வந்தது. அக்கதைதான் நமக்கு நெருங்கியது.

ட்ரவுட் குளிர்நீர் மீன். வெப்ப நாட்டுக் கடல்களைக் கடந்து அதை உயிரோடு கொண்டுவர முடியாது என்றே நெடுங்காலம் எண்ணினர். 1864ஆம் ஆண்டில் அதன் முட்டைகளை ஈரப்பாசியிற் பொதிந்து, பனிக்கட்டியின் நடுவே வைத்து, இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாத் தீவு வரை கொண்டுசென்று பொரிக்கச் செய்தபின் அவ்வெண்ணம் மாறியது. அதன் பின் ஆங்கிலேயன் எங்கெங்கு குளிர்ந்த ஓடையைக் கண்டானோ அங்கெல்லாம் ட்ரவுட்டை விட முனைந்தான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவும் அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. 1882இல் பழுப்பு ட்ரவுட் அங்கே வந்தது. நம் ஓடைகளில் அது தானாகப் பெருகவில்லை. மீண்டும் மீண்டும் கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள், வட அமெரிக்காவின் பசுபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட்டும் வந்தது. அது வேரூன்றிவிட்டது. தோட்டத் துரைமார் 1896இல் சிலோன் மீன்பிடிக் கழகத்தை அமைத்தனர். அம்பேவெல ஓடையிலும் அக்ர ஓயாவிலும் கந்தப்பளைப் பக்கத்து நீர்களிலும் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிலும் இறகு ஈக்கள் வீசப்பட்டன. இலங்கையிற் பெருகிய வானவில் ட்ரவுட்டின் வழித்தோன்றல்களே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கும் கொண்டுசெல்லப்பட்டன. உதகமண்டலத்தை அடுத்த அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிக்கும் பண்ணை எழுந்தது. காட்டுச் சேவலின் கழுத்திறகு புறப்பட்ட அதே மலைகளுக்கு, அதை நாடிய மீனும் வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றை முதலில் வியப்போடே கேட்டோம். பாசிக்குள் பொதிந்த முட்டை பாதி உலகைச் சுற்றி வந்து பொரிப்பது எளிய செய்தியா? ஆயின் ஹோட்டன் சமவெளியைப் பற்றிப் படித்தபோது வேறொரு செய்தி நம் கண்ணிற் பட்டது. வியப்பு அவ்விடத்தில் நின்றுவிட்டது.

அச்சமவெளியின் குளிர் ஓடைகளில் ஒரு சிறிய நன்னீர் இறால் வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் இல்லாத இனம். நீர் சற்று வெப்பமடைந்தாலும் அதற்கு வாழ்வில்லை. ஓர்ட்மன் என்னும் விலங்கியலாளர் அதனை அறிவியல் உலகுக்கு விவரித்துப் பெயரிட்ட ஆண்டு 1894. நேயர்கள் ஆண்டுகளைச் சற்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகின்றோம். நுவரெலியாவுக்கு மீன் வந்தது 1882. இறாலுக்குப் பெயர் கிடைத்தது 1894. அந்நீரில் யார் குடியிருக்கின்றார் என்று கேட்கும் முன்பே புதிய குடியை ஏற்றிவிட்டோம். வேட்டைக்குரிய பெரிய மீன் எதுவும் இல்லாத ஓடைகளில், பெருமீனுக்கு அஞ்சி ஒளியப் பழகாத சிற்றுயிர், ட்ரவுட்டின் வாய்க்கு எளிய இரையாயிற்று. இறால் அருகியமைக்கு வானவில் ட்ரவுட்டையும் ஒரு காரணமாக ஆராய்ச்சியாளர் சுட்டுகின்றனர். பழுப்பு ட்ரவுட், வானவில் ட்ரவுட் ஆகிய இரண்டுமே, அந்நிய நாடுகளில் புகுந்து பெருங்கேடு விளைக்கும் நூறு உயிரினங்கள் என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இதை நண்பரிடம் சொன்னோம். அவர் முகம் சற்று வாடியது, ஆயினும் மறுக்கவில்லை. “அங்கே எங்கள் ஏரியில் இதே மீன் அழுதுகொண்டிருக்கிறது” என்றார்.

2005ஆம் ஆண்டில் கொரிப் ஏரியிலே புதிய நீர்ப்பூண்டு ஒன்று காணப்பட்டதாம். ஆபிரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தது. வீட்டுத் தோட்டத் தடாகங்களில் அழகுக்காக வளர்ப்பது. எவர் கையிலிருந்து எவ்வாறு ஏரியை அடைந்ததோ, ஆழங்குறைந்த குடாக்களிலே அடர்ந்து நீர்மட்டம் வரை எழுந்துவிட்டது. மே மாதத்தில் கூட்டங்கூட்டமாய்ப் பறந்து மீன்களுக்கும் மீன் பிடிப்போருக்கும் திருவிழாவாகும் பூச்சியை அங்கே மே ஈ என்பர். அதன் இளம்பருவம் ஏரியடிச் சேற்றில் இரண்டாண்டு அளவு புதைந்து வாழ்கின்றது. சிறகு முளைத்து வெளிவந்த பின்போ ஓரிரு நாளே ஆயுள், உண்பதற்கு வாயும் பயன்படாது. சேற்றுத் தரையை அந்நியப் பூண்டு மூடினால் அங்கு வாழும் உயிர்களின் கூட்டமே மாறிவிடும். பூண்டை வெட்டினர், கையாற் பிடுங்கினர், இறுதியில் சணற் பாய்களை ஏரியின் அடியிலே விரித்து, வெளிச்சம் புகாமல் மூடி அதை மடியச் செய்யும் முறையைக் கண்டனர். சணல் காலப்போக்கில் மட்கிவிடும்; அதன் இழைகளின் ஊடே அந்நீருக்கே உரிய பூண்டுகள் மீண்டும் முளைத்தெழுந்தன.

நம் வீடுகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வந்து இறங்கும் சணற்சாக்கு, அயர்லாந்து ஏரியொன்றில் ட்ரவுட்டின் குடியிருப்பைக் காக்கின்றது. அதே ட்ரவுட்டின் உறவு, நம் மலையுச்சியில் ஓர் இறாலின் குடியிருப்பைக் குலைத்திருக்கின்றது. மீனைப் பழிப்பதில் பொருளில்லை. அதற்கு அயர்லாந்தும் தெரியாது, இலங்கையும் தெரியாது. குளிர்ந்த நீரும் பசியும் மட்டுமே தெரியும்.

இது மலைநாட்டுச் செய்திதானே என்று கொழும்புப் பகுதியில் வாழும் நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளின் தலையூற்றுக்கள் ஹோட்டன் சமவெளியிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலுமே கசிகின்றன. வத்தளைப் பாலத்தின் கீழே கலங்கிச் சென்று கடலோடு சேரும் களனியின் நீரில் ஒரு பங்கு, இறால் வாழும் மலைத்தொடரிலிருந்து இறங்கி வருவது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட அச்சமவெளி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் உலக முடிவைக் காணச் செல்கின்றனர். பாதாளத்தை எட்டிப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புவோரில், வழியிலுள்ள ஓடையைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேரோ! நாமும் இருமுறை சென்றுள்ளோம். இருமுறையும் குனிந்து பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

மீன் பிடிப்பதையே பாவமெனக் கொள்ளும் நேயர் நம்முள் பலர். அவர்களோடு வாதிட நாம் இதை எழுதவில்லை. ஆயினும் ஈ கட்டுவோரிடம் நாம் கண்ட ஒரு பழக்கம் நம் மாணவர்க்குப் பயன்படும். நண்பர் ஒரு புதிய நீருக்குச் சென்றால் முதலிற் கோலை எடுப்பதில்லை. கரையோரக் கல் ஒன்றைப் புரட்டுவார். அதன் அடிப்புறத்தில் ஒட்டியிருப்பது என்ன, அதற்குக் கால் எத்தனை, வால் எத்தனை, நிறம் என்ன என்று பார்ப்பார். சிலந்தி வலையில் அகப்பட்டுக் கிடக்கும் பூச்சிகளையும் பார்ப்பார். அன்று எவை பறந்தன என்பதற்கு அது நாட்குறிப்பாம். அதன் பின்பே பெட்டியைத் திறப்பார். அந்நீரின் உயிர்களை அறியாதவன் அந்நீருக்கு ஈ கட்ட இயலாது. நுவரெலியாவில் மீனை விட்டவர்களும் கல்லைப் புரட்டியிருப்பர். ஆயின் மீனுக்கு உணவுண்டா என்று பார்ப்பதற்காகப் புரட்டியிருப்பர். உணவாகப் போகும் உயிர் இன்னதென்று கேட்டிலர்.

முள் இல்லாமலே ஈ கட்டிப் பார்க்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். கூரிய முள்ளைச் சிறுவர் கையிற் கொடுக்க வேண்டியதில்லை. மெல்லிய கம்பித் துண்டொன்றை வளைத்து, தையல் நூலும், பழைய கம்பளிச் சட்டையின் இழையும், கோழிக்கூட்டருகே கிடக்கும் இறகும் கொண்டு கட்டி, ஒரு குவளை நீரில் இறக்கிப் பார்த்தால் போதும். இறகு நனைந்து விரியும் கணத்தைக் காண்பதற்கே அம்முயற்சி தகும். அடுத்த வீட்டுச் சிறுவன் கட்டிய முதல் ஈ, ஈயாகவும் இல்லை, வண்டாகவும் இல்லை. தாயாரின் தையற்பெட்டியில் நூல் முழுவதும் தீர்ந்ததுதான் கண்ட பலன். மூன்றாவது ஈயில் கால்கள் தெரிந்தன.

பள்ளி விடுமுறையில் அவன் குடும்பத்தாரோடு நுவரெலியாவுக்குச் சென்று வந்தான். திரும்பிய அன்று மாலையே, நனைந்து உலர்ந்த கொப்பியொன்றோடு நம் வாயிலில் நின்றான். தேசியப் பூங்காவுக்கு வெளியே, வீதியோர ஓடை ஒன்றில், தகப்பனார் அருகில் நிற்க ஒரு கல்லைப் புரட்டினானாம். தட்டையான உடல், ஆறு கால், வயிற்றின் இருபுறமும் படபடக்கும் மெல்லிய இதழ்கள், பின்னே மூன்று வால். பென்சிலால் வரைந்திருந்தான். மே ஈயின் இனத்தைச் சேர்ந்த ஒன்றின் இளம்பருவம் அது என்பதில் நண்பருக்கு ஐயமில்லை. இங்கேயும் அவ்வினங்கள் உண்டென்பதைக் கேட்டு அவன் துள்ளினான். “பிடித்துக்கொண்டு வரவில்லையா?” என்று கேட்டோம்.

“இல்லை மாமா. படம் வரைந்து முடிந்ததும் கல்லைப் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டேன். அது அடியில் நசுங்காமலிருக்க அப்பா ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.”